அறுநூற்றுப் பதினோரு கிலோமீட்டர்

லிஃப்ட் ஆய்வாளர் வேலையில் இருபத்தாறு வருடம் ஓட்டியதில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்திருந்தது. ஏன் மேடம். எந்தக் கட்டடத்துக்குச் சோதனைக்குப் போனாலும், கதவு மூட ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது, நாலாவது மாடியைத் தாண்டும்போது மட்டும் ஏன் முனகுகிறது என்று கேட்டுக் கேட்டு மெக்கானிக்குகளின் பிராணனை வாங்கிவிடுவாள். பதில் கிடைக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டாள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் ஒரு மெக்கானிக் வாய் தவறி நேரிலேயே "வணக்கம், ஏன் மேடம்" என்று சொல்லிவிட, இவள் "ஏன்?" என்று கேட்டதில் அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றிலிருந்து கட்டிய புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

புருஷனுக்கு மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் கடை. அந்த அரை நாளிலும் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து ஏன் மேடம் கடைக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பாள். அப்படிப் படிக்கும்போதுதான் அந்த நாலு வரி கண்ணில் பட்டது.

'விற்பனைக்கு. இரண்டு இருக்கை கார். கரும்பச்சை. இருபத்தொன்பது வருடமாக ஒரே உரிமையாளர். ஓடிய தூரம் 611 கி.மீ. மட்டும்.'

கீழே தபால்தலை அளவுக்கு ஒரு படம். அந்த வண்டியை அவளுக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் வாசலில் ஒன்று நின்றிருந்தது. தரையோடு தரையாக, பாய்வதற்குப் பதுங்கிய பூனை மாதிரி. லிஃப்டைப் பார்க்கப் போனவள் காரைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றுவிட்டாள். அதைச் செய்த நிறுவனம் நாலே வருடம் செய்துவிட்டு மூடுவிழா நடத்திவிட்டது. அதனாலேயே இப்போது சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

"இங்க பாருங்களேன்" என்றாள். "வருஷத்துக்கு இருபத்தோரு கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்காங்க. ஏன்?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "சீல் உடைக்காத மருந்துக்கும் தேதி முடிஞ்சு போகும்மா. பாட்டில் பளபளன்னு இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

"அதையேதான் நானும் சொல்றேன். ஆறு மாசம் சும்மா நின்ன லிஃப்டை விட, தினமும் நானூறு பேரைச் சுமக்கற லிஃப்ட்ல நான் தைரியமா ஏறுவேன். நின்னா பிரேக் ஒட்டிக்கும், எண்ணெய் கெட்டியாகும், ரப்பர் எல்லாம் அப்பளமா நொறுங்கும்."

"அப்புறம் எதுக்கு அட்ரஸைக் கிழிக்கற?"

"பார்க்கத்தான். வாங்கணும்னு சொன்னேனா?"

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். வீட்டிலிருக்கும் பெரிய சோபாவும் 'பார்க்கத்தான்' போய் வந்ததுதான்.

*

வீடு ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. பக்கவாட்டில் தனியாக ஒரு ஷெட். அதன் கதவுக்கு மூன்று பூட்டு. வீட்டுக் கதவைத் திறந்தவர் நெடுநெடுவென்று உயரமாக, தும்பைப்பூ நரையோடு இருந்தார். முப்பத்தைந்து வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் அறையில் இருந்தவர். தலைமை இன்ஜினியராக ஓய்வு பெற்றதால் தெருவில் எல்லோரும் சீஃப் என்றுதான் அழைப்பார்களாம். அவர் மனைவி பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் தெருவுக்கே டீச்சர். புருஷன்கூட டீச்சர் என்றே கூப்பிட்டார்.

சீஃப் வண்டியின் மேலிருந்த துணி உறையை, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல மடித்து மடித்து எடுத்தார். உள்ளே இருந்து அந்தக் கரும்பச்சை வெளியே வந்தபோது ஏன் மேடம் தன்னை அறியாமல் ஓரடி முன்னால் போய்விட்டாள். மருந்துக்கடைக்காரர் தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். காருக்கு முன்னால் ஒழுங்காக நிற்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"பாருங்க" என்றார் சீஃப், மீட்டரைக் காட்டி. பூஜ்யம், பூஜ்யம், ஆறு, ஒன்று, ஒன்று. "துறைமுகத்துல இறக்கி வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தது ஐநூத்து எண்பத்தொன்பது. அந்த ஒரு ஓட்டம்தான் நான் ஓட்டினது."

"மிச்சம் இருபத்திரண்டு?"

"அது டீச்சர் கணக்கு" என்று சிரித்தார். "நான் கப்பல்ல இருக்கேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் எகிறிப்போச்சு. ராத்திரியில வண்டி எதுவும் கிடைக்கலை. இதை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டா. போக பதினொண்ணு, வர பதினொண்ணு. தப்பு சொல்ல முடியுமா?"

டீச்சர் வாசல் நிலையில் சாய்ந்தபடி தரையைப் பார்த்தார்.

"நீங்க ஏன் சார் ஓட்டவே இல்லை?" ஏன் மேடம் கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்ததே.

சீஃப் கையிலிருந்த துணியின் ஓரத்தை நீவினார். "வருஷத்துல ஒன்பது மாசம் இன்ஜினுக்குள்ளேயே கிடப்பேன் மேடம். எண்ணெய், கரி, சத்தம். நகத்துக்குள்ள போன கறுப்பு லீவு முடியற வரைக்கும் போகாது. வீட்டுக்கு வந்தா, ஒண்ணே ஒண்ணாவது அழுக்காகாம இருக்கட்டும்னு தோணும். சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்துக்குவேன். அவ்வளவுதான். அதுவே போதும்னு இருந்துச்சு."

இப்போது விற்பதற்குக் காரணம் இருந்தது. மகள் இருக்கும் ஊருக்கே போகிறார்கள். எட்டாவது மாடியில் வீடு. ஷெட் கிடையாது, தெருவில் நிறுத்த சீஃபுக்கு மனசு வராது. இன்னொருவரும் கேட்டிருக்கிறாராம். பழைய கார்களைக் கண்ணாடிக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் பணக்காரர். அடுத்த ஞாயிறு வருகிறார். அவருக்கு வேண்டியது அந்த அறுநூற்றுப் பதினொன்றுதான். ஆயிரத்தைத் தாண்டிய வண்டி என்றால் தொடக்கூட மாட்டாராம்.

ஏன் மேடம் வண்டியைச் சுற்றி வந்தாள். சீஃப் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டு சீராக உறுமியது. மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் ஓடவிடுவாராம். சரி, இன்ஜினுக்கு அது போதும். ஆனால் கிளச் மிதியின் ரப்பரில் இடது ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவள் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள்.

"டயர் புதுசா இருக்கே?"

"ஏழு வருஷம் ஆச்சு. பழசு வெடிச்சுப் போச்சேன்னு நானே ஜாக்கி போட்டு மாத்தினேன். இதுங்க தெருவையே பார்த்ததில்ல."

புது டயரின் உடம்பெல்லாம் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அச்சில் வார்க்கும்போது வருவது. ரோட்டில் ஓடினால் தரையில் படுகிற பக்கம் சில நாளில் உதிர்ந்துவிடும், பக்கவாட்டில் மட்டும் மிஞ்சும். தெருவையே பார்க்காத இந்த டயரின் பக்கவாட்டில் முடி இருந்தது. தரையில் படும் இடம் மொழுமொழுவென்று மொட்டையாக இருந்தது.

ஏன் மேடத்துக்கு மூக்கில் வேர்த்தது. வாயைத் திறந்தவள், வாசல் பக்கம் பார்த்தாள். டீச்சரின் கண் அவளுடைய விரல் இருந்த இடத்திலேயே நின்றது. ஏன் மேடம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்றாள்.

*

"மீட்டரைத் திருப்பியிருக்கார்" என்றார் மருந்துக்கடைக்காரர், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே. "பார்த்தா பெரிய மனுஷனா இருக்கார். உள்ள வேற."

"அவர் பொய் சொல்லலைங்க."

"டயர் பொய் சொல்லுதுன்னு நீதானே சொன்ன?"

"பொய் சொல்றவங்க பார்த்துப் பார்த்து வார்த்தையை விடுவாங்க. இவர் ரசிச்சு ரசிச்சுச் சொல்றார். அந்த நம்பரை அவர் நம்பறார். வண்டி ஓடியிருக்கு. ஆனா ஓடினது அவருக்கே தெரியாது."

"காருக்குக் கால் முளைச்சு தானாவே போயிட்டு வந்துச்சாக்கும்."

மூன்று நாள் அவளுக்கு இதே நினைப்பு. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்டின் மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டு டயர் முடியைப் பற்றி யோசித்தாள். அங்கிருந்த மெக்கானிக், மேடம் பத்து நிமிடமாக ஒரு கேள்வியும் கேட்கவில்லையே என்று பயந்து, தானாகவே ஒரு பழுதை ஒப்புக்கொண்டான்.

வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி அவளுக்குள் தலைகீழாகத் திரும்பியிருந்தது. நின்றே கிடந்த வண்டி என்றால் வேண்டாம் என்று போகும்போதே முடிவு செய்துவைத்திருந்தாள். ஓடிய வண்டி என்றால்? பிரேக் ஒட்டாத, எண்ணெய் உறையாத, யாரோ ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட வண்டி என்றால்? அது அவளுக்கு வேண்டும். ஆனால் அதை யார் ஓட்டினார்கள் என்று தெரியாமல் எப்படி வாங்குவது?

வியாழக்கிழமை மதியம் விடுப்புப் போட்டாள். டார்ச்சையும் சோதனைக்குப் போடும் பழைய மேலங்கியையும் எடுத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினார். அவருக்கும் உள்ளுக்குள் குறுகுறுப்புதான். வெளியே மட்டும், "நீ அவசரப்பட்டுத் தலையாட்டிடக் கூடாதேன்னுதான்" என்றார்.

*

"நல்லாப் பாருங்க. எங்க வேணும்னாலும் பாருங்க" என்று சீஃப் சந்தோஷமாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் போன் அடித்தது. "அந்தக் கண்ணாடிக்கூடத்துக்காரராத்தான் இருக்கும்" என்று உள்ளே போனார். மருந்துக்கடைக்காரரும் ஷெட்டின் சுவரில் மாட்டியிருந்த கப்பல் படங்களைப் பார்க்க அந்தப் பக்கம் நகர்ந்தார்.

ஏன் மேடம் ஓட்டுநர் பக்கம் மல்லாந்து படுத்துத் தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்தாள். டார்ச்சை மேலே அடித்தாள். வயர்கள், கம்பிகள், எல்லாவற்றின் மேலும் இருபத்தொன்பது வருடத்துச் சாம்பல் நிறம். மீட்டரின் முதுகில் வந்து சேரும் தடித்த கறுப்புக் கேபிள். அதைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகு மட்டும் புதுக் காசு மாதிரி மின்னியது. விரல் பட்டுப் பட்டு வந்த மினுமினுப்பு.

ஓ, என்றாள் ஏன் மேடம் இருட்டுக்குள். கேபிளைக் கழற்றிவிட்டால் சக்கரம் சுற்றுவது மீட்டருக்குத் தெரியாது. ஓடலாம். எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம்.

அவள் தலையை வெளியே எடுத்தபோது டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"பார்த்துட்டீங்க."

"பார்த்துட்டேன்."

"அன்னைக்கே டயரைத் தடவினப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொன்னாரே, அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு அவர் லீவுல வந்தார். பாப்பா வாசல்ல ஓடிவருது. அவர் பெட்டியை வச்சுட்டு நேரா ஷெட்டுக்குள்ள வந்து மீட்டரைப் பார்த்தார். கத்தலை, திட்டலை. பரவால்லைன்னுதான் சொன்னார். ஆனா அந்த லீவு முழுக்க முகம் தொங்கிப்போச்சு."

"அதுக்கப்புறம்தான் கேபிளா?"

"அவர் வச்சிருந்த வண்டிப் புத்தகத்தைப் படிச்சேன். படம் போட்டிருந்துச்சு. முதல்ல பாப்பாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகத்தான். அப்புறம் ஸ்கூலுக்கு. அப்புறம்..." டீச்சரின் முகத்தில் சட்டென்று ஒரு சின்னப் பெண்ணின் குறும்பு வந்து போனது. "அப்புறம் சும்மா. மலைப்பாதையில ஒரு வளைவு இருக்கு தங்கச்சி, மூணாவது கியர்ல விட்டீங்கன்னா வண்டி தரையைக் கட்டிப் பிடிச்சுக்கும். எண்ணெய் மாத்தறது, பிளக் துடைக்கறது எல்லாம் நானே கத்துக்கிட்டேன். ரிட்டயர் ஆகி வந்தப்புறமும், மாசம் ஒரு சனிக்கிழமை அவர் கப்பல்காரங்க சங்கத்துக்குப் போவாரே, அன்னைக்கு. தெருவுல பார்த்தவங்க யாரும் அவர்கிட்ட மூச்சு விடலை."

"மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கும்?"

"கணக்கு டீச்சரைக் கேக்கறீங்க." அவர் தலையை ஆட்டினார். "எண்ணவே இல்ல. வேணும்னேதான் எண்ணலை. முப்பதாயிரம் இருக்கலாம், நாப்பதும் இருக்கலாம். இவ்வளவு நாள் யாருக்கும் நஷ்டமில்லைன்னு இருந்தேன். இப்ப அந்த ஆள் அந்த நம்பருக்காகவே வாங்க வர்றார். மூணு நாளாத் தூக்கம் இல்ல."

ஏன் மேடம் மேலங்கியின் முழங்கையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். இப்படி ஒரு பதில் கிடைக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. "நான் வாயைத் திறக்க மாட்டேன் டீச்சர். அது உங்க வீட்டு விஷயம். ஆனா அறுநூத்திப் பதினொண்ணுன்னு எழுதின பேப்பர்ல நான் கையெழுத்துப் போடவும் மாட்டேன். இல்லாததை இருக்குன்னு எழுதி எனக்குப் பழக்கமில்ல."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது சீஃப் கைகளைத் தேய்த்தபடி உள்ளே வந்தார். "ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு வர்றாராம். நீங்க முந்திக்கிட்டா உங்களுக்குத்தான் மேடம். எப்படி, பிடிச்சிருக்கா?"

"ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும் சார்."

சீஃபின் கை நின்றது. "ஓட்டறதா?"

"எங்க வேலையில, ஏறிப் பார்க்காம எந்த லிஃப்டையும் நான் விட்டதில்ல."

"ஓட்டினா நம்பர் மாறிடுமே மேடம். தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தாக்கூட அறுநூத்திப் பன்னெண்டு ஆயிடும். நீங்க வேண்டாம்னுட்டா அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஓட்டாம வாங்க முடியாது சார்."

"வாங்காம ஓட்ட முடியாதே மேடம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் கப்பல் படத்துக்குப் பக்கத்திலிருந்து, "கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கே" என்று முனகினார்.

"கேபிளைக் கழட்டிட்டு ஓட்டலாமே" என்றார் டீச்சர்.

சீஃப் திரும்பினார். "எந்தக் கேபிள்?"

"மீட்டர் கேபிள். கழட்டிட்டா நம்பர் ஓடாது."

"அது சரி. ஆனா அதுக்கு முன்பக்கத்துப் பலகை மொத்தத்தையும் கழட்டணும் டீச்சர். அரை நாள் வேலை."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி ஏன் மேடத்தின் கையில் கொடுத்தார். ஓட்டுநர் பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்தார். வலது கையை ஸ்டியரிங்குக்கு அடியில் மேலே செலுத்தினார். முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார், புருஷனை நேராகப் பார்த்தபடி. கை மட்டும் உள்ளே வேலை செய்தது. பத்து நொடிகூட ஆகவில்லை. கறுப்புக் கேபிளின் நுனி கீழே இறங்கி வந்து காற்றில் ஆடியது.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

சீஃப் கேபிளைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்றுத் தடவினார். கிளச் மிதியைப் பார்த்தார். இன்ஜின்காரருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாசாமாசம் துடைச்சேனே" என்றார். "என் கண்ணுல படவே இல்லையே."

"நீங்க நம்பரைத்தான் பார்த்தீங்க" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை.

"எத்தனை தடவை?"

"எண்ணலை."

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"பாப்பா காய்ச்சல் தேறி வாசல்ல ஓடிவந்துச்சுங்க. நீங்க முதல்ல இங்கதான் வந்தீங்க."

சீஃப் மறுக்கவில்லை. "ஆமா" என்றார். "வந்தேன்." அவருடைய பெரிய கை தரையில் எதையோ தேடுவதுபோல அங்குமிங்கும் போயிற்று. ஏன் மேடத்துக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. புருஷனுக்குக் கண் ஜாடை காட்டினாள், கிளம்பிவிடலாம் என்று. அவரும் செருப்பைத் தேடினார்.

அப்போது சீஃப் தலையை நிமிர்த்திக் கேட்டார். "கேபிள் இல்லாம வேகம் எப்படித் தெரியும் உனக்கு?"

"காதுதான். சத்தத்தை வச்சுச் சொல்லிடுவேன்."

"அறுபதுல எப்படிச் சத்தம் வரும்?"

டீச்சர் யோசித்தார். "ஒரு ஸ்வரம் மாதிரி. அறுபத்தஞ்சைத் தாண்டினா அது ரெண்டாப் பிரியும். எழுபத்தஞ்சுல மறுபடி ஒண்ணாயிடும்."

"ரெண்டாப் பிரியுமா?" சீஃப் எழுந்துவிட்டார். முழங்காலைப் பிடிக்க மறந்துபோனது. "அது பின்னச்சுல வர்ற சத்தம். எந்த கியர்ல? மூணுலயா நாலுலயா? இறக்கத்துலயும் வருதா? துறைமுகத்துலேர்ந்து வந்தப்ப நான் ஐம்பதுக்கு மேல போகவே இல்ல. புது இன்ஜினாச்சேன்னு."

"நாலுல. இறக்கத்துல வராது. ஏறும்போதுதான்."

"வளைவுல?"

"சொன்னா புரியாதுங்க. உக்காந்து பார்க்கணும்."

சீஃப் ஏன் மேடத்தைப் பார்த்தார், கொஞ்சம் வெட்கமாக. "மேடம், தப்பா நினைக்காதீங்க. ரெண்டே சீட்டுதான் இருக்கு."

"போயிட்டு வாங்க சார்" என்றாள் ஏன் மேடம். அவளுடைய வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் தலையாட்டியதில்லை.

டீச்சர் கேபிளை அப்படியே விட்டுவிட்டு சாவியைத் திருப்பப் போனார். சீஃப் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். "அதை மாட்டு" என்றார். "ஓடட்டும்."

வண்டி ஷெட்டிலிருந்து பின்வாங்கி, தெருவில் ஒரே மூச்சில் திரும்பி, மூலையில் மறைந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகம், டீச்சருக்குப் பக்கத்து சீட்டில் சீஃபைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"வாங்க வந்தது நாம" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஓட்டிப் பார்க்கறது அவங்க."

காலியான ஷெட்டில் இரண்டு ஸ்டூல் கிடந்தது. உட்கார்ந்தார்கள். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. மருந்துக்கடைக்காரர் எல்லாக் கப்பல்களின் பெயர்களையும் படித்து முடித்துவிட்டார். "ஆளையும் காணோம், வண்டியையும் காணோம். நாம பூட்டிட்டுக் கிளம்பணுமா, இல்ல வாடகைக்கு இங்கேயே இருந்துக்கணுமா?" என்று கேட்டபோது தெருமுனையில் உறுமல் கேட்டது.

சீஃபின் நரை நாலாபக்கமும் பறந்து நின்றது. இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தார். "ரெண்டாப் பிரியுதுதான் மேடம்! நான் நம்பலை. அந்த வளைவுல உயிரே போச்சுன்னு நினைச்சேன். இவ சிரிக்கறா." மீட்டரில் அறுநூற்று அறுபத்துநாலு. அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

அன்று மாலையே அவர் கண்ணாடிக்கூடத்துக்காரருக்குப் போன் போட்டார். அறுநூற்றுப் பதினொன்று இல்லை, அறுநூற்று அறுபத்துநாலும் இல்லை, உண்மையில் எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாது, என் வீட்டுக்காரி ஓட்டியிருக்கிறாள், பிரமாதமாக ஓட்டுகிறாள் என்று சொன்னார். எதிர்ப்பக்கம் சட்டென்று போன் வைக்கப்பட்டது. சீஃபும் ரிசீவரை வைத்தார். பிறகு ஏன் மேடத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கும் இனி வேண்டாமோ?"

"இப்பத்தான் சார் வேணும்."

விலையைப் பற்றிப் பேச அதிக நேரம் ஆகவில்லை. அந்த நம்பருக்கென்று ஏற்றியிருந்தது தானாகவே இறங்கிவிட்டது. ஆனால் சீஃப் ஒரு நிபந்தனை போட்டார். எட்டாவது மாடிக்குக் குடிபோக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை வண்டி தங்களிடம் இருக்க வேண்டும்.

"எதுக்கு சார்?" என்று கேட்டாள் ஏன் மேடம்.

"இருபத்தொன்பது வருஷமா என்கிட்ட இருந்த வண்டி எப்படிப் போகும்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியாது" என்றார்.

*

மூன்று மாதம் கழித்து அவள் சாவியை வாங்கப் போனபோது மீட்டரில் 4,118 இருந்தது. கரும்பச்சையில் வலது பக்கக் கதவுக்குக் கீழே ஒரு சிறு கீறல். சீஃப் ஓட்டும்போது விழுந்ததாம். முதல் நாள் சோறு இறங்கவில்லை, இரண்டாம் நாள் மறந்துபோயிற்று என்றார். அவர் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. விற்பனைப் பத்திரத்தில் ஓடிய தூரம் என்ற இடத்தில் டீச்சர் தன் கரும்பலகைக் கையெழுத்தில் எழுதினார்: 'மீட்டரில் 4,118. உண்மையில் இதைவிட மிக அதிகம். எவ்வளவு என்று தெரியாது.' ஏன் மேடம் இரண்டு முறை படித்தாள். திருத்த ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அவளும் மருந்துக்கடைக்காரரும் மலைப்பாதைக்குக் கிளம்பினார்கள். அவருக்கு முழங்கால் மோவாயில் இடித்தது. முதல் பத்து கிலோமீட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவா, மெதுவா என்று ஜபம் செய்தார். அதற்குப் பிறகு ஜன்னலை இறக்கினார். இன்னும் கொஞ்ச தூரத்தில், "என்னம்மா, லாரிக்காரன் முந்திட்டுப் போறான், பார்த்துக்கிட்டே இருக்க?" என்றார்.

ஏற்றத்தில் ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது போன் அடித்தது. சீஃப்.

"எங்க இருக்கீங்க மேடம்? வளைவு வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார். ஒரு பாலம் தாண்டினோம்."

"அப்ப அடுத்ததுதான். ரெண்டுல போங்க, பத்திரம்."

பின்னாலிருந்து டீச்சரின் குரல் குறுக்கிட்டது. "ரெண்டா? யார் சொன்னது? மூணுல போகச் சொல்லுங்க. ரெண்டுல போனா ஒண்ணுமே தெரியாது."

"முதல் தடவை ஓட்டறாங்க டீச்சர், ரெண்டுல போகட்டும்."

"முதல் தடவைதான் மூணுல போகணும்."

போனில் வாக்குவாதம் சூடு பிடித்தது. எதிர்முனையில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்போல. ஏன் மேடம் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அணைக்காமலேயே போனைப் புருஷன் மடியில் வைத்தாள். வண்டியை எடுத்தாள். ரோடு ஒரு பாறையைச் சுற்றி வளைந்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி ஏறியது.

அவள் மூன்றுக்கு மாற்றினாள்.